பச்சைத் தெரு

முத்தையாபுரத்தில் அந்த வருஷம் அடிதடி இல்லாமல் ஒரு நாள் விடிந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆடி மாசம் அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரி போட்டுவிட்டான் என்றார்கள். எங்கேயோ இருக்கிறவன், போட்டால் போட்டுவிட்டுப் போகிறான் என்று முதலில் ஒருவரும் சட்டை பண்ணவில்லை. ஆவணி பிறப்பதற்குள் துறைமுக ரோட்டோரம் டிரெய்லர் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இறால் உரிக்கிற கம்பெனியில் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் என்ன, பகல் பதினோரு மணிக்கு ஆண்பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் நடக்குமோ அவ்வளவும் நடந்தது. குழாயடியில் குடத்தை வீசி ஒருத்தியின் பல்லைப் பெயர்த்தார்கள். டீக்கடையில் கிளாசை உடைத்துக் கூட்டாளியின் கழுத்தில் வைத்தான் ஒருத்தன். இன்னொருத்தன், பெயர் வேண்டாம், உயிரோடு இருக்கிறவன், வண்டியைத் தூக்க வந்த பைனான்ஸ் ஆட்கள் மேல் கொதிக்கிற ரசத்தைச் சட்டியோடு கவிழ்த்தான். அந்த வீட்டில் அன்றைக்கு ரசம் மட்டும்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கூத்தையெல்லாம் அளந்து எழுதுகிற வேலை செல்வராணிக்குக் கிடைத்தது. ஊரில் எல்லாருக்கும் வேலை போனபோது, ஊருக்கு எவ்வளவு வேலை போயிற்று என்று எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. சென்னையில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடம். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். தொழில் எப்படி, மூன்று வேளையும் உலை வைக்கிறீர்களா, போர் தண்ணீர் எப்படி இருக்கிறது, காற்றில் நாற்றம் உண்டா, வீட்டில் சண்டை உண்டா. பதிலை அவர்கள் கொடுத்த டேபில், பெரிய போன் மாதிரி இருக்கிற பலகையில், தட்ட வேண்டும். கடைசியில் தெருவுக்கு ஒரு நிறம் விழும். சுகமான தெரு பச்சை, தேறாத தெரு சிவப்பு.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வரை படித்தவள். புருஷன் லிங்கராஜ், அவளுடைய அண்ணன் ஜெயகணேஷின் டிரெய்லரை ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆடியிலிருந்து வீட்டில் இருந்தான். அண்ணன் வீடு இரண்டு வீடு தள்ளி. அந்தத் தெருவே பனங்காட்டுப் பக்கமிருந்து வந்து தலையெடுத்த ஆட்கள்தான். கடை வைத்தவர்கள், வண்டி வைத்தவர்கள், மாடி எடுத்தவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் ஜெபசீலன் சொல்லிக் கொடுத்திருந்தான். "ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு கட்டம் இருக்குக்கா. ஒண்ணு சொன்னது. ஒண்ணு கண்டது. அவங்க வாயால சொல்லுததை முதக் கட்டத்துல போடுங்க. நீங்க கண்ணால பாத்ததை ரெண்டாவதுல போடுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா பயப்படாதீங்க. அதுக்குத்தான் உள்ளூர் ஆளா எடுத்திருக்கு."

உள்ளூர் ஆளாக எடுத்ததில்தான் தப்பு நடந்தது. சென்னைக்காரனுக்கு இது தெரிய நியாயமில்லை. நம்ம பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் விசாரிக்க வரும்போது கேட்கிற கேள்விகள் அச்சு அசலாக இவைதான். தொழில் எப்படி, தண்ணீர் எப்படி, வீட்டில் சத்தம் போடுவார்களா. அதையே சொந்தத்தில் ஒருத்தி வந்து கேட்டால், அந்தப் பதில் எந்தக் கல்யாண வீட்டில் போய் நிற்குமோ என்றுதான் ஒவ்வொருத்தரும் யோசிப்பார்கள். யோசித்தார்கள்.

மளிகைக்கடை அய்யாக்குட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கடை எப்படி அண்ணாச்சி ஓடுது?"

"என்னளா இப்படிக் கேக்க? ஜேஜேன்னு போகுது. நிக்க நேரமில்ல."

அந்நேரம் பார்த்து அவருடைய பூனை அலமாரி மேல் தாவியது. சோப்புப் பெட்டிகள் பத்துப் பதினைந்து சரிந்து அவள் மடியில் விழுந்தன. ஒன்றிலாவது சோப்பு இருக்க வேண்டுமே. அத்தனையும் காலி அட்டை. அய்யாக்குட்டி பூனையை வைதுகொண்டே அவற்றைப் பொறுக்கி, முகப்பு வெளியே தெரியும்படி அடுக்கினார். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டு, 'நன்றாக நடக்கிறது' என்று தட்டினாள். கண்டது என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அண்ணன் வீட்டுக்கு ஜெபசீலனும் கூட வந்தான். ஜெயகணேஷ் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். தட்டில் முந்திரி மக்ரூன் வந்தது. கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் மக்ரூன் வைத்தது அன்றைக்குத்தான். மதினி பிரேமா தண்ணீர் கொண்டுவந்தாள். கேன் தண்ணீர் என்பது நாக்கில் பட்டதும் தெரிந்தது.

"வண்டி எத்தனை ஓடுதுண்ணே?"

"ரெண்டும் ஓடுது. ஒண்ணு கொச்சி லைனு, ஒண்ணு பெங்களூரு."

"தண்ணி?"

"நம்ம போர் தண்ணிக்கு என்னம்மா கொற. இளநி கெட்டுச்சு."

"மூணு வேளையும் உலை வைக்கீங்களா?"

"அதென்ன கேள்வி? எழுது, எழுது."

மணி பன்னிரண்டரை. அடுப்படி அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகத் தெரிந்தது. அடுப்பு பற்றவைத்த அடையாளம் இல்லை. அண்ணனின் ஒரு வண்டியை ஆடிக் கடைசியில் பைனான்ஸ்காரன் தூக்கிவிட்டான். இன்னொன்று புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுக்குள் டயர் இல்லாமல் கல் மேல் நிற்பதை லிங்கராஜ் தற்செயலாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணன் மகள் பொன்செல்விக்குத் திருச்செந்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. சன்னதித் தெருவில் கடை வைத்திருக்கிற பையன். அய்யாக்குட்டியின் தங்கச்சி மகன். தை மாசம் நிச்சயம். வண்டி போன விஷயம் அய்யாக்குட்டி காதுக்குப் போனால் திருச்செந்தூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

கண்டது காலி. அந்தத் தெருவில் நாற்பத்தொரு வீட்டிலும் காலி. எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது, ஒரு சம்பந்தம் நடந்துகொண்டிருந்தது.

"கண்டது ஒண்ணுமே போடலியே அக்கா?" என்று ஜெபசீலன் கேட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றாள் அவள்.

ஐப்பசி முதல் வாரம் வரைபடம் போனில் வந்தது. அவர்கள் தெரு பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, நல்ல கொத்தமல்லிப் பச்சை. பின்னால் இருக்கிற மேட்டுத்தெரு சிவப்பு. மேட்டுத்தெருக்காரர்கள் தாமிரபரணிக் கரை நெல்லுக்காட்டிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்கள். கேட்டதற்குக் கேட்டபடி சொல்லியிருந்தார்கள். வேலை இல்லை, கஞ்சிதான், தண்ணீர் கடுக்கிறது, காற்று நாறுகிறது, சண்டை தினமும் உண்டு. அங்கே எழுதப் போன ஆளிடம் ஒருத்தன், முந்தின நாள் நடந்த சண்டையின் காயத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டினானாம்.

அதுவரை யாருக்கும் நிறம் ஒரு பொருட்டில்லை. அந்த வாரமே கார்ப்பரேஷன்காரர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு வேலை அறிவித்தார்கள். மழை வலுப்பதற்குள் ஓடையைத் தூர்வார வேண்டும், அறுபது நாள் வேலை, சிவப்புத் தெரு ஆட்களுக்கு மட்டும். இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் வந்த வெள்ளத்தில் முங்கியதற்குப் பிறகு அந்த ஓடையை யாரும் தொடவில்லை. மண்ணும் பிளாஸ்டிக்கும் செத்த மாட்டு எலும்புமாகக் கிடந்தது. ஆறு மாசம் முன்னால் அந்த வேலைக்குப் போ என்றால் பச்சைத் தெருவில் ஒருத்தனும் மூக்கைக்கூட அந்தப் பக்கம் திருப்பியிருக்க மாட்டான். வேலை தொடங்கின அன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர் மண்வெட்டியோடு போய் நின்றார்கள். லிங்கராஜ் முன்னால் நின்றான். கடைசியில், அடையாளம் தெரியாமல் இருக்கத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அய்யாக்குட்டி நின்றார்.

மேட்டுத்தெரு செல்லப்பாண்டிதான் அங்கே ஆட்களை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சிமாரு எங்கன வந்திய?"

"வேலைக்குத்தான்" என்றான் லிங்கராஜ்.

"நீங்க பச்சைலா. வசதியான தெரு. போன்ல பாத்தோம்லா."

"ஏலே, வீட்டுல அடுப்பெரியலலே. நாலு நாளாச்சு."

"அப்பம் அதைச் சொல்லியிருக்க வேண்டியதான? எழுதினது உங்க வீட்டம்மாதான? நாங்க சட்டையைத் தூக்கிக் காமிச்சு வாங்கின வேலை இது. நீங்க மக்ரூன் குடுத்து பச்சை வாங்குனீயள்லா. அதையே தின்னுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்திருக்கவே கூடாது. லிங்கராஜ் ஓடைக்குள் இறங்கி மண்ணை ஒரு வெட்டு வெட்டினான். செல்லப்பாண்டி அவன் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தான். இவன் இழுத்தான். அவன் விட்டான். விட்ட வேகத்தில் மண்வெட்டி சுழன்று செல்லப்பாண்டியின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஓடைச் சேற்றில் முப்பது நாற்பது பேர் கட்டிப் புரண்டார்கள். மண்வெட்டிக் காம்பாலும், சிமெண்ட் கட்டியாலும், எலும்பாலும் அடித்தார்கள். கூட்டத்தில் ஒருத்தன் காதைக் கடித்துத் துப்பினான். லிங்கராஜுக்குப் புருவம் கிழிந்து கண்ணை மறைத்துக்கொண்டு ஊற்றியது. அய்யாக்குட்டிக்கு முன்பல் இரண்டு போயிற்று. துண்டும் போயிற்று. மளிகைக்கடை அண்ணாச்சி சாக்கடை மண் அள்ள வந்த விஷயம் இரண்டு தெருவுக்கும் தெரிந்துபோயிற்று. அடியை விட அதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

அப்படியே, சேறும் ரத்தமுமாக, பதினெட்டுப் பேரும் செல்வராணி வீட்டுக்கு வந்தார்கள். வழியில் இன்னும் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அய்யாக்குட்டி வந்த வேகத்தில் கதவை எட்டி உதைத்தார். கொண்டி பறந்தது.

"வெளிய வாளா. எங்க வாயில மண்ணப் போட்டுட்டு கீரையா ஆயுத?"

லிங்கராஜ் தள்ளாடிக்கொண்டு பின்னால் வந்தான். "அண்ணாச்சி, வீட்டுக்குள்ள போகாதிய. சொல்லிட்டேன்" என்றான். யாரோ அவனைச் சுவரில் சாய்த்து அடிவயிற்றில் முழங்காலால் ஒன்று கொடுத்தார்கள். அவன் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஒருத்தன் அலமாரியை இழுத்துத் தள்ளினான். கண்ணாடி உடைந்தது. இன்னொருத்தன் செல்வராணியின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அவன் அவளுக்குச் சித்தப்பா மகன்.

அப்போதுதான் ஜெயகணேஷ் வந்தார். சக்கரம் கழற்றுகிற இரும்புக் கம்பி கையில் இருந்தது. வண்டி போனாலும் கம்பியை வைத்திருந்தார்.

"கைய எடுலே. என் தங்கச்சி மேல இன்னொரு கை பட்டுச்சு, மணிக்கட்டோட முறிச்சுருவேன்."

முடியைப் பிடித்தவன் விட்டுவிட்டான். ஜெயகணேஷ் அவளுக்கு முன்னால் வந்து, காலை அகட்டி வைத்து நின்றார். அவளுக்கு அண்ணன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் அண்ணன் மேல் அவளுக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமில்லை.

"உங்க தங்கச்சிதான் அண்ணாச்சி எங்களுக்கு வேலை இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கா" என்றார் அய்யாக்குட்டி. பல் போன வாயில் வார்த்தை வழுக்கியது. "எவன் சொன்னான் அவகிட்ட? கேளுங்க. எந்த மூதி சொன்னான் தொழில் நல்லாருக்குன்னு?"

செல்வராணிக்கு இதைக் கேட்டதும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். மண்டை எரிந்தது. அண்ணனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டேபை எடுத்துவந்தாள்.

"எவன் சொன்னானா? படிக்கேன். எல்லாரும் நில்லுங்க. ஒருத்தரும் போகக் கூடாது."

"ராணி, உள்ள போ" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணே. ஏழாம் நம்பர், அய்யாக்குட்டி. சொன்னது: கடை ஜேஜேன்னு போகுது, நிக்க நேரமில்ல. கண்டது, நான் எழுதல, இப்பம் சொல்லுதேன்: அலமாரி பூரா காலி அட்டை. பூனை தட்டி என் மடியில விழுந்துச்சு."

அய்யாக்குட்டி வாயை மூடிக்கொண்டார். ரத்தம் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை.

"ஒம்பதாம் நம்பர். சொன்னது: மகன் சிங்கப்பூர்ல இருந்து மாசாமாசம் அனுப்புதான். கண்டது: மகன் மச்சுல படுத்திருக்கான். இருமுனது கேட்டுச்சு. பதினொண்ணு. சொன்னது: மூணு வேளையும் மீனு. கண்டது: பிள்ளைக பச்சை மாங்காயும் உப்பும் தின்னுட்டுக் கெடந்துதுக. பதிமூணு. சொன்னது: எங்க வீட்டுல சத்தமே கெடையாது. கண்டது: உன் பொண்டாட்டி நாடியில தையல் போட்டிருந்துச்சுலே, பாத்துக்கிட்டேதான் எழுதினேன்."

முடியைப் பிடித்து இழுத்தவன்தான் பதிமூன்றாம் நம்பர். மெல்லப் பின்னால் நகர்ந்தான். ஒவ்வொரு நம்பருக்கும் கூட்டத்தில் ஒரு தலை குனிந்தது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாளாக விழுங்கியது எல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது, அவள் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"போதும் ராணி" என்றார் ஜெயகணேஷ். குரல் இறங்கியிருந்தது. "அண்ணன் சொல்லுதேம்லா."

"பதினேழாம் நம்பர்" என்றாள் அவள். "ஜெயகணேஷ். சொன்னது: ரெண்டு வண்டியும் ஓடுது. கண்டது..."

கம்பி விழுந்தது. டேபை உடைக்கத்தான் ஓங்கினார் என்று பின்னால் அவரே சொன்னார். இருக்கலாம். டேபும் உடைந்தது, டேபைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டும் உடைந்தது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். கை ஒரு பக்கமும் விரல்கள் ஒரு பக்கமுமாகத் தொங்கின. அவளுக்கு முதலில் வலி தெரியவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

அவள் சொல்லி முடித்திருந்தால்கூட நம்பாதவர்கள் நாலு பேர் இருந்திருப்பார்கள். கம்பி விழுந்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அய்யாக்குட்டி ஜெயகணேஷை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்தார்.

பெரியாஸ்பத்திரிக்கு ஜெயகணேஷ்தான் அவளை லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். லிங்கராஜும் பிரேமாவும் கூட ஏறினார்கள். மழை தூறியது. ஒவ்வொரு குழிக்கும் செல்வராணி கத்தினாள். லிங்கராஜ் ஒற்றைக் கண்ணால் மச்சானை முறைத்துக்கொண்டே வந்தான். "அத்தான், பொன்செல்விக்காகப் பாக்கேன். இல்லன்னா அந்தக் கம்பியை வாங்கி உங்க மண்டையிலயே போட்டிருப்பேன்" என்றான். ஜெயகணேஷ் மடியில் அவள் தலை இருந்தது. சட்டையைக் கழற்றி அவள் கைக்கு அண்டைக் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் படுக்கை இல்லை. ஓடைச் சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் வந்து வராந்தா பூராவும் கிடந்தார்கள். செல்லப்பாண்டியை உள்ளே காலுக்குத் தையல் போடக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் போட்ட சத்தம் வெளியே கேட்டது. செல்வராணியை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

பிரேமாவுக்குப் போன் வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். வைத்துவிட்டுச் சேலையால் முகத்தைத் துடைத்தாள்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சிதான். பிள்ளைக்கு வேற இடம் பாத்துக்கிடச் சொல்லுதாவ."

எதற்காகச் செல்வராணி கட்டத்தையெல்லாம் காலியாக விட்டாளோ அது போய்விட்டது. அதைப் போகவைத்தது தன் வாயா, அண்ணன் கம்பியா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். காலையிலிருந்து எழுதி எழுதிச் சலித்துப்போயிருந்தார்.

"இந்தம்மாவுக்கு என்ன? இதுவும் ஓடையா?"

"இல்ல சார்" என்றாள் செல்வராணி. "கதவு இடுக்குல கை மாட்டிக்கிடுச்சு."

போலீஸ்காரர் வீங்கித் தொங்குகிற கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுதப் போனார்.

"கதவு இல்ல" என்றார் ஜெயகணேஷ். "நான்தான் அடிச்சேன். இரும்புக் கம்பியால."

பிரேமா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடுவித்துக்கொண்டார்.

"நீரு யாரு?"

"அண்ணன். கூடப் பிறந்தவன்."

"பேரு, தகப்பன் பேரு?"

சொன்னார்.

"தொழில்?"

ஜெயகணேஷ் பனியனோடு நின்றார். முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு டிரான்ஸ்போர்ட் ஓனர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனுஷன். வராந்தாவில் கிடந்த பச்சைத் தெருக்காரர்களும் மேட்டுத்தெருக்காரர்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தொழில் இல்ல சார். ஒரு வண்டியத் தூக்கிட்டாங்க. இன்னொண்ணு டயர் இல்லாம நிக்குது. மூணு மாசமாச் சும்மா இருக்கேன். வீட்டுல ஒரு நேரம்தான் உலை."

போலீஸ்காரர், கேட்டதற்கு மட்டும் சொல்லும் என்று முனகிக்கொண்டே எழுதினார்.

செல்வராணி பெஞ்சிலிருந்து எழுந்தாள். இடது கையால் அண்ணன் கன்னத்தில் அறைந்தாள். பலமான அறை. வராந்தா கோடிவரை கேட்டது. லிங்கராஜ் அவளைப் பிடிக்க வந்தான். அவள் அவனை உதறிவிட்டு இன்னொன்று அறைந்தாள். ஜெயகணேஷ் முகத்தைத் திருப்பவில்லை.

"காக்கிச்சட்டை கேட்டதும் வாய் தொறக்குதோ?" என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. "நான் உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து கேட்டேம்லா. வண்டி எத்தனை ஓடுதுண்ணேன்னு கேட்டேம்லா. அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தத் தெருவே என்கூடச் சொல்லியிருக்கும். எனக்குச் சொல்ல உனக்கு என்னண்ணே வந்துச்சு?"

"நீ கேட்டதாலதான் ராணி சொல்ல முடியல" என்றார் அவர்.

மூன்றாவதாக ஓங்கிய கையை அவள் இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. போலீஸ்காரர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, வயது என்ன என்று கேட்டார்.